வைட்டமினும் கொலஸ்ட்ராலும்: ஓர் எஞ்சினியரின் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசுப்பா. உன் துறையைப் பற்றி மட்டும் வேண்டாம், தூங்கிடுவாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் இப்ப லேப் ரிப்போர்ட்டைத்தான் மார்க் ஷீட் மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க, அதைப் பற்றி ஏதாவது பேசு" என்றார். நான் டாக்டர் இல்லை. கருவியியல் படித்த சாதாரண எஞ்சினியர். ஆனால் ஒரு வைட்டமினை ஒன்பது வாரம் விழுங்கிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அதைப் பற்றிப் படித்தவன். படித்துவிட்டு விழுங்கியிருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு 34 வயதில் ஆபீசில் மெடிக்கல் செக்கப் நடந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 208, டிரைகிளிசரைடு 286, எச்.டி.எல். எனப்படும் 'நல்ல கொலஸ்ட்ரால்' 31, எல்.டி.எல். எனப்படும் 'கெட்ட கொலஸ்ட்ரால்' 120. வெறும் வயிற்றில் சர்க்கரை 104. என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அப்போது நான் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் பரீட்சை நடுவில் ஹாஸ்டல் வார்டன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் அந்தத் தாளைப் பார்த்ததும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், எஞ்சினியர்களுக்குப் பிடிக்கும். அந்த எல்.டி.எல். 120 என்பதைப் பல லேப்களில் யாரும் அளப்பதில்லை. கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழி, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. மிச்சம் எல்.டி.எல். 1972-இல் ஃப்ரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் கொடுத்த சூத்திரம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. என் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் நண்பன் இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன். "நயசின் சாப்பிடுடா. வைட்டமின் பி-3. வெறும் வைட்டமின்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பினான். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். 'வெறும் வைட்டமின்' என்ற அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். மாத்திரை என்றால் நாம் டாக்டரைக் கேட்கிறோம். வைட்டமின் என்றால் கேட்பதில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். அரை மணி கழித்து ஆலை வாசலில் வண்டியை நிறுத்தும்போது முகம், காது, கழுத்து, மார்பு எல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறது. அரிப்பு வேறு. வாட்ச்மேன் ஓடி வந்து, "இன்னா சார், எறும்புப் புத்துல விழுந்துட்டியா?" என்றார். என் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது என்று நினைத்திருந்தேன், தெரிந்திருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தோலில் உள்ள சில செல்கள் நயசினைக் கண்டதும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வெளிவிடுகின்றன, அதனால் சின்ன ரத்தக் குழாய்கள் விரிகின்றன என்று பிற்பாடு படித்தேன். சில நாளில் பழகிவிடும் என்று நண்பன் சொன்னான். பழகியது. பழகியதும் ஒன்றை மூன்றாக்கினேன். அதாவது ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம்.

ஒன்பது வாரம் கழித்துச் சொந்தக் காசில் டெஸ்ட் எடுத்தேன். டிரைகிளிசரைடு 178! எச்.டி.எல். 38! மொத்தம் 190. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து நம்ம செட் குரூப்பில் போட்டேன். 'மச்சி, பெயரைச் சொல்லு' என்று பதினோரு பேர் கேட்டார்கள். ஆறு பேர் வாங்கியும் விட்டார்கள். அவர்களில் நான்கு பேர் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சுக்கு நான் ஒப்புக்கொண்டேன்.

அப்பாவைப் பார்க்கும் பெரியவர், ஊரில் பழைய டாக்டர் ஒருவர், அவரிடம் பெருமையாகத் தாளை நீட்டினேன். அவர் மேல்பாதியைப் பார்க்கவே இல்லை. கீழே விரலை வைத்து, "இது என்ன?" என்றார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 119. நான் அந்த வரியைப் படித்திருக்கவே இல்லை. "அப்பாவுக்குச் சர்க்கரை, உனக்கு 104-இல் இருந்தது, நீயே ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டுகிறாய்" என்றார். பாட்டிலை மேஜை மேல் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன். கதை எங்கெங்கோ போகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நயசினின் பழைய பெயர் நிகோட்டினிக் அமிலம். புகையிலையில் உள்ள நிகோட்டினை ஆக்சிஜனேற்றம் செய்து 19-ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலார் இதைத் தயாரித்துவிட்டார்கள். ஒரு ஜாடியில் போட்டு மூடி வைத்திருந்தார்கள், பயன் தெரியவில்லை. அதே நேரத்தில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்துகொண்டிருந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்துத் தடித்து, கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் வரும். பிறகு பேதி, பிறகு புத்தி பேதலிப்பு, பிறகு சாவு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1914 முதல் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பர்கர் இது தொற்று நோய் இல்லை, சாப்பாட்டுக் கோளாறு என்று காட்டினார். 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம் நாய்களுக்கு வரும் இதே மாதிரி நோயை நிகோட்டினிக் அமிலம் தீர்க்கிறது என்று கண்டார். ஜாடியில் கிடந்தது மருந்தாயிற்று. நிகோட்டின் என்ற பெயர் ஜனங்களைப் பயமுறுத்தும் என்பதால் 1940-களில் 'நயசின்' என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

இதில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். சேலத்தில் 1918-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அங்கே அவர் ஒரு புதிரைப் பார்த்தார். பெல்லாக்ரா மக்காச்சோளம் தின்பவர்களுக்குத்தானே வரும்? தெலங்கானாப் பக்கம் சோளம் தின்னும் கூலிக்காரர்களுக்கும் வருகிறதே! சோளத்தில் நயசின் அப்படி ஒன்றும் குறைவில்லை. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் லான்செட் இதழில், சோளத்தில் மிகுதியாக உள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அது முழு விடையா என்று பின்னால் விவாதம் நடந்தது, அது வேறு கதை. தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு உடம்புக்குள் எது எதைத் தடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கோபாலன் 2019-இல் தம் 100-ஆவது வயதில் காலமானார்.

பெல்லாக்ரா வராமல் இருக்க எவ்வளவு நயசின் வேண்டும்? ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 14 முதல் 18 மில்லிகிராம். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. நம்ம பக்கத்து மல்லாட்டை நூறு கிராமில் 12 மில்லிகிராமுக்குக் குறையாது. சூரை மீனில் தாராளம். ஏன், காலையில் குடிக்கிற காபியிலேயே கொஞ்சம் இருக்கிறது. கொட்டையை வறுக்கும்போது டிரைகோனெல்லின் என்ற பொருள் சிதைந்து நயசினாக மாறுகிறது. இதெல்லாம் வைட்டமின் அளவு. நான் விழுங்கியது 1,500 மில்லிகிராம். சிலர் 2,000, 3,000 என்றெல்லாம் சாப்பிட்டிருக்கிறார்கள். தேவையைப்போல் நூறு மடங்கு போட்ட பிறகு அதை வைட்டமின் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அது மருந்து. மருந்துக்கு உள்ள அத்தனை குணமும் அதற்கு உண்டு.

அந்த நூறு மடங்கு எங்கிருந்து வந்தது? கனடாவில் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஆல்ட்ஷுல் என்ற உடற்கூறியலார் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி ரத்தக் குழாய் அடைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே மாகாணத்தில் ஏப்ரம் ஹாஃபர் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளுக்குப் பெரிய அளவில் நயசின் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து, ஸ்டீபன் என்ற இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, 1955-இல் நயசின் மனிதர்களின் கொலஸ்ட்ராலை இறக்குகிறது என்று வெளியிட்டார்கள். கொலஸ்ட்ராலுக்கு ஒழுங்கான மருந்தே இல்லாத காலம் அது.

ஒரு முக்கியமான நுணுக்கம். வைட்டமின் பி-3-க்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று நிகோட்டினிக் அமிலம், மற்றது நிகோட்டினமைடு. பெல்லாக்ராவுக்கு இரண்டும் கேட்கும். கொலஸ்ட்ராலை இறக்குவது முதலாவது மட்டும். நம்ம மருந்துக்கடையில் வாங்குகிற பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது. அதனால் வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுகிறவர்கள் பயப்படவும் வேண்டாம், அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று சந்தோஷப்படவும் வேண்டாம். முகம் எரியாத 'ஃப்ளஷ் ஃப்ரீ' நயசின் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறதே, அதில் எரிச்சலும் இல்லை, கொழுப்பில் சொல்லும்படியான பலனும் இல்லை.

நிகோட்டினிக் அமிலம் என்னதான் செய்கிறது? நல்லதையே முதலில் சொல்கிறேன். முழு அளவில் கொடுத்தால் டிரைகிளிசரைடு 20 முதல் 50 சதவீதம் வரை இறங்கும். எச்.டி.எல். 15 முதல் 35 சதவீதம் ஏறும். எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும். மூன்று முள்ளையும் நாம் விரும்புகிற திசையில் திருப்புகிற மருந்து வேறு எது இருக்கிறது? எப்படிச் செய்கிறது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு விடை இருந்தது: கொழுப்பு செல்லில் உள்ள ஓர் ஏற்பியில் போய் உட்கார்ந்து கொழுப்பு ரத்தத்துக்குள் வருவதைத் தடுக்கிறது என்று. அந்த ஏற்பியை 2003-இல் கண்டும்பிடித்தார்கள். முகம் எரிவதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாயிற்று. கொழுப்பு குறைவதற்கு அது காரணம் இல்லை என்று 2012-இல் வேறு ஓர் ஆய்வு காட்டிவிட்டது. கல்லீரலுக்குள் நடக்கும் வேலைதான் முக்கியம் என்று இப்போது கருதுகிறார்கள்.

இந்த மருந்து நமக்காகவே செய்தது போலத் தோன்றும், ஏன் தெரியுமா? வெள்ளைக்காரர்களின் தாளில் எல்.டி.எல். உயர்ந்திருக்கும். நம்முடையது வேறு தினுசு. சென்னை மருத்துவர்கள் முன்னின்று ஐ.சி.எம்.ஆர். உதவியுடன் நடத்தும் 'இண்டியாப்' கணக்கெடுப்பின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. 2014-இல் வந்த அதன் முடிவுப்படி, எச்.டி.எல். குறைவாக உள்ளவர்கள் 72.3 சதவீதம். டிரைகிளிசரைடு கூடுதலாக உள்ளவர்கள் 29.5 சதவீதம். எல்.டி.எல். கூடுதல் 11.8 சதவீதம்தான். என் தாள் அப்படியே இந்த அச்சு. உங்களில் பலருடையதும் அப்படித்தான் இருக்கும், பாக்கெட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நல்லது குறைவு, டிரைகிளிசரைடு அதிகம். நயசின் சரியாக அந்த இரண்டையும் திருத்துகிறது. நண்பன் சொன்னதில் தர்க்கப்பிழை ஒன்றும் இல்லை.

இந்த எச்.டி.எல். மோகத்தில் நம்ம ஊருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. நம்ம செட்டில் ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளை இருக்கிறான். வருஷா வருஷம் பாரிசிலிருந்து வரும்போதெல்லாம் ஒரே வாதம்: பிரெஞ்சுக்காரன் வெண்ணெயும் சீஸும் தின்கிறான், மாரடைப்பு குறைவு, காரணம் ஒயின். செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1992-இல் லான்செட்டில் எழுதிப் பிரபலமான விஷயம்தான் அது. ரெனோ அழுத்திச் சொன்னது ரத்தத் தட்டணுக்களைப் பற்றி. நம்ம ஆட்கள் பிடித்துக்கொண்டது, 'மது எச்.டி.எல்.-ஐ ஏற்றும்' என்ற பாதியை. ஏற்றும், உண்மைதான். டிரைகிளிசரைடையும் சேர்த்து ஏற்றும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒன்றுகூடலுக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் ஊர் திரும்பும்போது எதை வாங்கிப் பையில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மருத்துவக் காரணம் மட்டும் சொல்லாதீர்கள். (சிரிப்பு)

சரி, முள் திரும்புகிறது. மாரடைப்பு குறைகிறதா?

ஏற்கெனவே மாரடைப்பு வந்த 8,341 ஆண்களை வைத்து அமெரிக்காவில் 1966 முதல் 1975 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 'கரோனரி டிரக் பிராஜெக்ட்' என்று பெயர். அதில் நயசின் சாப்பிட்ட 1,119 பேருக்கு இரண்டாவது மாரடைப்பு ஓரளவு குறைந்தது. உயிர் பிழைப்பதில் அப்போது வித்தியாசம் தெரியவில்லை. பதினைந்து வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தபோது இறப்பு 11 சதவீதம் குறைந்திருந்தது. 1986-இல் இது வெளிவந்ததும் நயசினுக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது. கவனியுங்கள், அந்த ஆய்வு நடந்த காலத்தில் ஸ்டாட்டின் கிடையாது. ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தது 1970-களில். அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டினுக்கு அனுமதி கிடைத்தது 1987-இல். ஸ்டாட்டின் எல்.டி.எல்.-ஐ நன்றாக இறக்கியது, மாரடைப்பும் இறங்கியது. அதற்குப் பிறகு கேள்வி மாறிவிட்டது: ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு மேற்கொண்டு நயசினும் கொடுத்து எச்.டி.எல்.-ஐ ஏற்றினால் இன்னும் நல்லதுதானே?

இரண்டு ஆய்வுகள் இதைக் கேட்டன. முதலாவது 'எய்ம்-ஹை', 3,414 பேர். எல்லோருக்கும் ஸ்டாட்டின், பாதிப் பேருக்குக் கூடவே நயசின். நயசின் பக்கத்தில் எச்.டி.எல். 35-இலிருந்து 42-க்குப் போனது. டிரைகிளிசரைடு 164-இலிருந்து 122-க்கு வந்தது. என் ரிப்போர்ட் மாதிரியே அழகான ரிப்போர்ட். இதய நோய் நிகழ்வுகளோ நயசின் பக்கத்தில் 16.4 சதவீதம், மற்றப் பக்கத்தில் 16.2 சதவீதம். பலன் இல்லை என்று 2011-இல் ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சின்ன ஆய்வு, ஆள் போதாது என்று சிலர் சொன்னார்கள். இரண்டாவது ஆய்வில் அந்தக் குறை இல்லை. ஆக்ஸ்போர்டுக்காரர்கள் பிரிட்டன், ஸ்காண்டிநேவியா, சீனா என்று 25,673 பேரைச் சேர்த்துச் சுமார் நான்கு வருஷம் நடத்தினார்கள். முகம் எரிவதைத் தடுக்க இன்னொரு மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்கள். 2014-இல் முழு முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நயசின் பக்கம் 13.2 சதவீதம், மற்றப் பக்கம் 13.7. இந்த அரை சதவீதம் தற்செயலாகவே வரக்கூடியது என்கிறது புள்ளியியல். அந்த மாத்திரையை 2013-லேயே ஐரோப்பியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஸ்டாட்டினோடு நயசினைச் சேர்த்துக் கொடுப்பதற்கான அனுமதியை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2016-இல் ரத்து செய்தது.

நான் டிரெயினியாக ஒரு ஆலையில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய பம்பின் பேரிங்கில் வெப்பநிலை ஏறி அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. நைட் ஷிப்டில் இருந்த ஒரு பெரியவர் ஈரச் சாக்கை எடுத்து சென்சார் மேல் போட்டார். கண்ட்ரோல் ரூமில் முள் ஜம்மென்று இறங்கியது. எல்லோரும் டீ குடிக்கப் போனோம். விடியற்காலை மூன்றரைக்கு பேரிங் இறுகிப் பம்ப் நின்றது. எச்.டி.எல். குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது பொய்யில்லை. அந்த எண் உள்ளே எங்கோ சூடேறுகிறது என்று காட்டுகிறது. எண்ணை ஏற்றிவிட்டால் சூடு தணியும் என்று நினைத்ததுதான் ஈரச் சாக்கு. எச்.டி.எல்.-ஐ ஏற்றவென்றே செய்த டார்செட்ராபிப் என்ற மருந்து, சாவை அதிகமாக்குகிறது என்று 2006-இல் கைவிடப்பட்டது. பிறவியிலேயே மரபணுவால் எச்.டி.எல். கூடுதலாக வாய்த்தவர்களைப் பார்த்தார்கள், 2012-இல் வெளிவந்தது; அவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை.

பலன் இல்லை, போகட்டும், கெடுதல் உண்டா? ஆக்ஸ்போர்டு ஆய்வில், முன்பு சர்க்கரை இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 13 பேருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வந்தது. ஏற்கெனவே சர்க்கரை இருந்தவர்களில் ஆயிரத்துக்கு 37 பேருக்குக் கூடுதலாகக் கட்டுப்பாடு கடுமையாகக் குலைந்தது. ரத்தக் கசிவு, தொற்று, தசை வலி எல்லாமும் கூடியது. யூரிக் அமிலம் ஏறும். மெதுவாகக் கரையும் சில வகைகள் கல்லீரலைப் பதம் பார்க்கும்.

இந்த 13-ஐயும் 37-ஐயும் நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். அதே இண்டியாப் கணக்கெடுப்பின் நாடு தழுவிய முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியா முழுவதற்கும் பெரியவர்களில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம். கோவா 26.4. அதற்கு அடுத்த இடம் புதுச்சேரி, 26.3. இந்தப் பந்தலில் நான்கு நாற்காலிக்கு ஒன்று. நாட்டிலேயே சர்க்கரை அதிகமான ஊர்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, சர்க்கரையை ஏற்றுகிற மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி, டாக்டரைக் கேட்காமல், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தும், ஒன்பது வாரம் விழுங்கியிருக்கிறேன். படித்தவன்.

'ஸ்டாட்டினும் சர்க்கரையை ஏற்றுமே' என்று அங்கே ஒரு அக்கா கேட்கிறார். சரியான கேள்வி. கொஞ்சம் ஏற்றும். ஆனால் அங்கே கொடுத்த விலைக்குச் சரக்கு கிடைக்கிறது. எல்.டி.எல். சுமார் 39 இறங்கினால் பெரிய இதய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. நயசினில் விலை மட்டும் கொடுக்கிறோம். யாருக்கு ஸ்டாட்டின் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

2024-இல் இன்னொரு செய்தி வந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதியது. நயசின் தேவைக்கு மேல் போனால் உடம்பு அதை 4-பி.ஒய். என்ற பொருளாகச் சிதைக்கிறது. ரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்திருக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சியையும் அது தூண்டுகிறது என்கிறார்கள். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வுதான், கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனால் 'முள் இறங்கியும் ஏன் நோய் இறங்கவில்லை' என்ற கேள்விக்கு ஒரு துப்பு கிடைத்தது போல இருக்கிறது. இதைப் படித்த அன்று நம்ம செட்டில் அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். ஐந்து பேர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள், முகம் எரிகிறது என்பதற்காக. ஒருவன் மட்டும் இரண்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நீதானேடா சொன்ன" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவனைக் கூட்டிக்கொண்டு போய் டெஸ்ட் எடுக்க வைத்தேன். எல்லையில் இருக்கிறான். இன்று முன் வரிசையில் இருக்கிறான், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிறுத்திய மூன்று மாதத்தில் சர்க்கரை 106-க்கு வந்தது. டிரைகிளிசரைடு பழையபடி ஏறிவிட்டது. பெரியவர் சொன்ன வைத்தியம் சப்பென்று இருந்தது. இரவுச் சோற்றைப் பாதியாக்கு. ராத்திரி புரோட்டாவை விடு. காலையில் சைக்கிள்காரரிடம் வாங்கும் ரொட்டி இரண்டு துண்டோடு நிறுத்து. பண்டிகைக்கு மட்டும் பாட்டில், அதுவும் யோசித்து. மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் நட. மாவுப்பண்டமும் சர்க்கரையும் மதுவும்தான் நம்ம ஆட்களின் டிரைகிளிசரைடுக்கு எண்ணெயை விடப் பெரிய காரணம் என்றார். அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி சாப்பிடலாம் என்றார். "அதிலும் நயசின் இருக்கிறது சார்" என்றேன். "அதில் இருக்கிறது போதும்" என்றார்.

எட்டு மாதத்தில் எடை ஏழு கிலோ குறைந்தது. டிரைகிளிசரைடு 171. நயசின் காட்டிய எண்ணை விடக் கொஞ்சம் நல்ல எண். சர்க்கரை 97. எச்.டி.எல். 34-தான், அசைய மாட்டேன் என்கிறது. அதைப் பற்றி நான் இப்போது கவலைப்படுவதில்லை. எல்.டி.எல். எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது, இதை எல்லாம் ஒன்றாக வைத்துப் பெரியவர் வருஷம் ஒரு முறை பார்க்கிறார். மாத்திரை எழுதுகிற நாள் வந்தால் எழுதுவார், சாப்பிடுவேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த வைட்டமின் பாட்டில் யாராவது வைத்திருந்தால், லேபிளைப் போட்டோ எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு அனுப்பாதீர்கள், ஒரு முறை அனுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டது போதும். பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று சொல்கிறார்கள்.